ஒன்றுக்கு அடுத்தது பத்து

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, மெழுகு தன் குரலையே தன் முதுகுக்குப் பின்னால் கேட்டாள்.

கையிலிருந்த ஸ்பேட்டுலா கரண்டி பர்னர் சுடரில் தேவைக்கு மேல் நின்றது. நுனி சிவந்தது. எதிரே, மெழுகில் செய்த ஈறில் அவள் நிறுத்தி வைத்திருந்த ஆறு முன்பற்களில் ஒன்று சரிந்து குப்புற விழுந்தது.

"அத்தியாயம் ஒன்று," என்றது அலமாரி மேல் இருந்த ஸ்பீக்கர். "அந்த பங்களாவின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளேதான் யாரும் இல்லை."

சந்தேகமே இல்லை. எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுத் துணி அலமாரிக்குள், வீட்டுக்காரரின் சட்டைகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து அவள் பதிவு செய்த குரல். ஃப்ரிட்ஜ் உறுமல் பதிவில் விழக்கூடாது என்று வீட்டுக்காரர் அதை அணைத்துவிடுவார். திரும்பப் போட மறந்தும் விடுவார். அந்த நாவலுக்காக எட்டு வாரம் கெட்டுப்போன பால் குடித்த குடும்பம் அது.

அது பல் செட் செய்யும் பட்டறை. நாலு மேஜை, நாலு பேர். மெழுகில் பல் அடுக்குகிறவள் என்பதால் அவள் பெயர் மெழுகு. பல்லுக்கும் ஈறுக்கும் நிறம் பார்க்கிறவள் கலரக்கா. மோட்டாரில் மெருகு போடுகிறவன் பாலிஷ். தலைமை டெக்னீஷியன் நீதிபதி. அவர் எதையும் சும்மா பார்க்கவோ கேட்கவோ மாட்டார்; தீர்ப்பு சொல்வார். மழை பெய்தால்கூட "ரெண்டாவது பாதி இழுவை" என்பார்.

நாள் முழுக்கக் கை வேலையில், வாய் முகமூடிக்குள். சும்மா இருப்பது காது மட்டும்தான். அதனால் ஒலிநூல். ஒரு நாவலுக்கு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் கருத்து. நீதிபதி ஒவ்வொரு ஒலிநூலுக்குக் கீழேயும் போய் விமர்சனம் எழுதி எழுதி, கடைசியில் அந்த ஒலிநூல் கம்பெனியே சலித்துப் போயோ பயந்து போயோ அவரை 'முன்கேட்பாளர்' ஆக்கிவிட்டது. வெளிவராத பதிவுகள் இப்போது அவர் போனுக்கு வரும். வாசிப்பவர் பெயர் அதில் இருக்காது. கேட்டுவிட்டு, பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டு அனுப்ப வேண்டும்.

"துப்பறியும் கதை. பன்னெண்டு பாகம், இது முதல் பாகம்," என்றார் நீதிபதி. "வாசிக்கிறது யாரோ புதுப்பொண்ணாம். நாம ஆறுக்கு மேல போட்டா மிச்ச பதினொரு பாகமும் அவளுக்கு. கீழ போட்டா வேற ஆளு. பாவம், அந்தப் பொண்ணு தலையெழுத்து நம்ம கையில இருக்கு."

பாவப்பட்ட பொண்ணு விழுந்த பல்லைப் பொறுக்கி எடுத்தாள்.

இரண்டு வருஷம் மாதிரிப் பதிவு அனுப்பி அனுப்பிக் கிடைத்த வாய்ப்பு. இந்தப் பதினொரு பாகம் கிடைத்தால் மத்தியானத்துக்கு மேல் இந்த பர்னர் சூட்டைவிட்டு எழுந்துவிடலாம். கிடைக்காவிட்டால், திரும்பவும் அலமாரியில் சட்டை மட்டும்தான்.

யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒரு நிமிஷம் பயந்தாள். கண்டுபிடிக்கவில்லை. மூன்று வருஷமாக முகமூடிக்குள்ளிருந்து அவள் சொன்னதெல்லாம் "சரிங்க சார்", "ஆச்சுங்க சார்", "இது கீழ்ப்பல்லுங்க சார்". அதை யார் காதில் வாங்கினார்கள்?

"குரல்ல ஒரு மஞ்சள் இருக்கு," என்றாள் கலரக்கா. அவளுக்கு உலகமே பல் நிறம். "இன்னும் கொஞ்சம் வெளுப்பா வாசிச்சிருக்கலாம்."

முதல் அத்தியாயம் முடிந்தது. ஸ்பீக்கர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது: "அத்தியாயம் பத்து."

மெழுகு நிமிர்ந்தாள்.

போனுக்கு எண்ணத் தெரியாது, அடுக்கத்தான் தெரியும். ஒன்று என்ற இலக்கத்தில் ஆரம்பிப்பதையெல்லாம் முதலில் அடுக்கிவிட்டது. ஒன்று, பத்து, பதினொன்று என்று பத்தொன்பது வரைக்கும். அதற்கப்புறம்தான் இரண்டு.

"சார்," என்றாள். "வரிசை மாறியிருக்குங்க. ஒண்ணுக்கப்புறம் பத்து வருது."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பத்தடி தூரத்திலிருந்து இடது கோரைப்பல் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுகிற கண்கள்.

"மெழுகும்மா, நீ எத்தனை வருஷமா பல்லு வெக்கிற?"

"மூணுங்க சார்."

"பதினெட்டாம் நம்பர் பல்லுக்கு அடுத்தது என்ன நம்பர்?"

"இருபத்தொண்ணு."

"பத்தொம்பது எங்க போச்சு? இருபது எங்க போச்சு?"

அந்த நம்பர்களில் பல்லே கிடையாது. மேல்வாய் வலப்பக்கம் பதினொன்றிலிருந்து பதினெட்டு, இடப்பக்கம் இருபத்தொன்றிலிருந்து இருபத்தெட்டு. இந்தத் தொழிலில் எண் தாவித்தான் போகும்.

"நாம என்னிக்காவது ஏன்னு கேட்டோமா? அதுல ஒரு திட்டம் இருக்கு. கதையிலயும் அப்படித்தான். நவீன உத்தி. புரியலேன்னா புரியுற மாதிரி உட்காந்து கேளு."

பாலிஷ் அவசரமாகத் தலையாட்டினான். "எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு அண்ணே." அவன் மோட்டார் ஓடினால் அவனுக்கு ஸ்பீக்கர் கேட்காது. அவன் மோட்டார் எப்போதும் ஓடும்.

புதன்கிழமை, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் விஷம் குடித்துச் செத்துப்போன இன்ஸ்பெக்டர், இரண்டாம் அத்தியாயத்தில் ஜீப்பிலிருந்து இறங்கி காபி கேட்டார்.

கலரக்கா பிரஷ்ஷை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். "இவன்தானே செத்தான்?"

"ஆவி," என்றார் நீதிபதி, கண்ணிமைக்காமல்.

"சார், இன்னொரு தடவை நம்பரைப் பார்த்துட்டா..." என்று மெழுகு ஆரம்பித்தாள்.

"மெழுகு, வேலையைப் பாரு. பல்லு கோணுது."

இரண்டு முறை சொல்லியாயிற்று. அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் புலம்பினாள்.

"அது நான்தான்னு போட்டு உடைச்சிடவேண்டியதுதானே?" என்றார் அவர்.

"உடைச்சா, தெரிஞ்ச பொண்ணுன்னு பாவம் பார்த்து மார்க் போடுவாங்க. இல்லேன்னா தெரிஞ்ச பொண்ணுன்னு வயிறு எரிஞ்சு குறைப்பாங்க. ரெண்டும் எனக்கு வேண்டாம்."

"அப்ப நான் வந்து அந்த ஆளோட பல்லைக் கழட்டட்டுமா? புதுசு செய்யறதுக்குத்தான் அங்கேயே ஆள் இருக்கே."

சிரிப்பு வந்தது. தூக்கம்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை டீயும் வந்தது, தீர்ப்பும் வந்தது. போன் வரிசையில் கடைசியாக வந்த ஒன்பதாம் அத்தியாயம் "அழைப்பு மணி அடித்தது" என்று நின்றதோடு கதை தீர்ந்துவிட்டதாகப் பட்டறை முடிவு செய்திருந்தது.

"என்ன முடிவு!" என்றார் நீதிபதி. "மணி அடிச்சது. யாரு? எதுக்கு? ஒண்ணும் சொல்லல. நம்ம கையில விட்டுட்டான். எழுதினவன் மேதை."

"மேதைதான் அண்ணே," என்றான் பாலிஷ்.

"ஆனா வாசிச்சாளே, அவ..." நீதிபதி டம்ளரை வைத்தார். "கதையை நாசம் பண்ணிட்டா. செத்தவன் ஆவியா வந்து காபி கேக்கறான். குரல் எப்படி இருக்கணும்? நடுங்க வேண்டாமா? இவ என்னமோ டியூட்டிக்கு வந்தவன் மாதிரி வாசிக்கிறா!"

"டியூட்டிக்கு வந்தவன்தானே சார்," என்றாள் மெழுகு மெதுவாக. யாருக்கும் கேட்கவில்லை.

"அந்தத் தோட்டக்காரன்! கொலைகாரன்னு தெரிஞ்சு கையில விலங்கு மாட்டியாச்சு. அப்புறம் ஜாமீன்ல வந்து செடிக்குத் தண்ணி ஊத்தறான். அந்த ஜாமீன் குரல்ல தெரியுதா? ஒரு குற்ற உணர்ச்சி? ம்ஹூம். அப்பாவி மாதிரி பேச வெக்கிறா. படிக்கிறவளுக்கே கதை புரியல!"

"வெளிறிப் போச்சு," என்றாள் கலரக்கா. நாலு நாள் முன்பு மஞ்சளாக இருந்த குரல் அது.

"அக்கா, நீங்க கடைசி வரைக்கும் கேட்டீங்களா?"

"கேட்காம? கண்ணை மூடிட்டுக் கேட்டேன்." மூடிய கண்ணோடு அவள் விட்ட குறட்டைதான் அந்த வாரம் பட்டறையில் ஒழுங்கான தாளத்தில் ஒலித்த ஒரே சத்தம்.

"மூணு," என்றார் நீதிபதி. "பத்துக்கு மூணு. அதுவும் வயித்துப்பாட்டுக்கு வந்த பொண்ணுன்னு."

போனை எடுத்தார். மார்க் கட்டத்தில் மூன்று விழுந்தது. கீழே பெரிய கட்டம் ஒன்று காலியாக இருந்தது: 'காரணம் (விரும்பினால் மட்டும்)'. நீதிபதி எப்போதும் அதில் 'சுமார்' என்று ஒரு வார்த்தை போட்டு அனுப்பிவிடுவார். கட்டைவிரல் அனுப்பும் பொத்தானை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

வெறும் மூன்று போனால் மூன்றுதான். யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

"சார்!"

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பட்டறையில் மெழுகின் குரல் உயர்ந்தது. கட்டைவிரல் நின்றது.

"இவ்வளவு நுணுக்கமா கேட்டிருக்கீங்க. அதைப் போய் ஒரே வார்த்தையில முடிக்கலாமா? ஆவி, ஜாமீன், அந்த நவீன உத்தி... எல்லாத்தையும் விரிவா எழுதுங்க சார். அங்க இருக்கிறவங்களுக்கு யாரு இதையெல்லாம் சொல்லிக் குடுப்பாங்க?"

நீதிபதியின் முகம் மெல்ல மலர்ந்தது. "அதுவும் நியாயம்தான். ஆனா கையெல்லாம் அச்சு வார்க்கிற பிளாஸ்டர்..."

"நீங்க சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

அவர் சொன்னார். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கும் அலமாரிக்குமாக நடந்து சொன்னார். அவள் ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. 'பன்னிரண்டில் இறந்தவர் இரண்டில் எழுந்து வருவதன் தத்துவத்தை வாசிப்பவர் உணரவில்லை' என்று அடித்தாள். 'இருபத்து நான்குக்குப் பிறகு மூன்று வரும் இடத்தில் குரல் தடுமாறியிருக்க வேண்டும்' என்று அடித்தாள். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பது போலத்தான் இருந்தது. கயிறு யார் கழுத்துக்கு என்பது, கம்பெனியில் அதை யாராவது முழுசாகப் படிப்பதைப் பொறுத்தது.

"முழுக்க ஒரு தடவை வாசி, கேக்கலாம்," என்றார் நீதிபதி.

மெழுகு முகமூடியைக் கீழே இறக்கினாள். வாசித்தாள். ஆவிக்கு ஒரு மூச்சு, ஜாமீனுக்கு ஓர் இடைவெளி, 'பத்துக்கு மூன்று' என்பதற்கு ஒரு பெருமூச்சு. அந்த வாரம் முழுக்க ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல், இப்போது மூன்றடி தூரத்தில்.

பாலிஷ் மோட்டாரையே நிறுத்திவிட்டான்.

நீதிபதி தொண்டையைச் செருமினார்.

மெழுகு முகமூடியை மேலே இழுத்துக்கொண்டாள். கண்டுபிடித்துவிட்டார்.

"இது வாசிப்பு!" என்றார் நீதிபதி. "அந்தப் பொண்ணு உன்கிட்ட வந்து நாலு நாள் கத்துக்கணும்!"

அனுப்பினார்.

சனி, ஞாயிறு, திங்கள். பதில் இல்லை. வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜை ஓடவிட்டே வைத்திருந்தார். அதுவே அபசகுனமாகத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஸ்பீக்கர் 'டிங்' என்றது. எல்லோர் கையும் ஈரம் என்பதால், வருகிற செய்தியை போனே சத்தமாக வாசிக்கும்படி நீதிபதி வைத்திருந்தார். இயந்திரக் குரல், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"மதிப்பிற்குரிய முன்கேட்பாளர் அவர்களுக்கு. தங்கள் விரிவான கருத்து கிடைத்தது. அலுவலகத்தில் அனைவரும் கூடிப் படித்தோம். இரண்டு முறை படித்தோம். ஒன்றுக்கு அடுத்தது இரண்டு."

நீதிபதி போனை நோக்கி ஓடினார். கையில் அரை கிலோ ஈரப் பிளாஸ்டர். திரையில் எங்கே தொட்டாலும் வெள்ளை அப்பியதே தவிர, குரல் நிற்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் ஆவி அல்ல. தோட்டக்காரருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. கோப்புகளை எண் வரிசையில் கேட்கவும். தங்கள் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்க இயலவில்லை. இப்பதிவைக் கேட்ட மற்ற இரு குழுக்களின் மதிப்பெண்ணின்படி இதே வாசிப்பாளர் தொடர்கிறார். நன்றி."

மெழுகு ஸ்பேட்டுலாவைக் கீழே வைத்தாள். வைக்காவிட்டால் அது தானாகவே விழுந்திருக்கும்.

"இந்தப் பொண்ணு பரவால்ல," என்றாள் கலரக்கா, போனின் இயந்திரக் குரலைக் கேட்டுக் கண்ணைத் திறந்து. "நல்ல தெளிவு."

பாலிஷ் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க மோட்டாரைப் போட்டான்.

"வேணும்னேதான் செஞ்சேன்," என்றார் நீதிபதி. "முழுசா படிக்கிறாங்களான்னு ஒரு சோதனை. படிக்கிறாங்க. சந்தோஷம்."

அன்றைக்கே அதே கோப்புகளை, வரிசையை மாற்றி, முதலிலிருந்து போட்டார். ஒன்று. இரண்டு. இன்ஸ்பெக்டர் உயிரோடு வந்து இறங்கினார், காபி கேட்டார். நீதிபதி தலையைச் சாய்த்துக் கேட்டார். மூன்றாம் அத்தியாயம் முடிவதற்குள் பழைய நிமிர்வு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? எவ்வளவு தேறியிருக்கா! இன்ஸ்பெக்டர் குரல்ல இப்ப உயிர் இருக்கு. எல்லாம் நான் எழுதினதைப் படிச்சுட்டு மறுபடி பதிவு பண்ணியிருக்காங்க."

"ஆமா அண்ணே," என்றான் பாலிஷ்.

மெழுகு எழுந்து அவர் மேஜைக்குப் போனாள். முகமூடியை இறக்கினாள்.

"சார், அது வாசிச்சது நான்தான்."

நீதிபதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கலரக்கா சிரித்தாள். பாலிஷும் சிரித்தான்; என்னவென்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

"மூணு வருஷமா உன் குரலைக் கேக்கறேன் மெழுகும்மா. எனக்கா தெரியாது? போ, போய் வேலையைப் பாரு."

"சரிங்க சார். அடுத்த வாரத்துலேருந்து நான் மத்தியானம் வரைக்கும்தான் வருவேன். அதுக்கு மேல வர மாட்டேன்."

சிரிப்பு நின்றது. "சும்மா அப்படிச் சொன்னா ஆச்சா? காரணத்தை விரிவா எழுதிக் குடு."

"விரிவா எதுக்கு சார்?" என்றாள் அவள். அவர் மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து, ஒரே வரி எழுதி, பிளாஸ்டர் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பினாள்.

'பதினொரு பாகம் பாக்கி இருக்கிறது. வரிசையாகத்தான் வாசிப்பேன்.'