கதவைத் தட்டிய அளவை-17

கணினி அறையில் மணி அலறியது. நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

“என்னம்மா, தீப் பிடிச்சிருச்சா?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அந்த அலுவலகத்தின் கணினி நிர்வாகி. சட்டையை நனைத்துக்கொண்டவர் ஊழியர் பிரிவுக் குமாஸ்தா. ஒரு சேதி கிடைத்தால் மூன்று மாடிக்கும் ஒரே மூச்சில் ஒலிபரப்பிவிடுவார் என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். பழைய கணினிக் கணக்குகளை அழிக்கும் வேலை மதியத்துக்குள் முடிகிறதா என்று பார்த்துவர மேலாளர் அவரைத்தான் அனுப்பியிருந்தார்.

அலுவலகத்தின் ஒவ்வொரு கணினிக்கும் சர்வரில் ஒரு கணக்கு உண்டு. கணினியைப் போட்டதும் அது சர்வரின் கதவைத் தட்டும். சர்வர் பெயரைச் சரிபார்த்து உள்ளே விடும். மாதக்கணக்காகத் தட்டாத பெயர்களைக் களைந்துவிட வேண்டும்; இல்லையென்றால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு எவனாவது திருடன் நுழைவான். களைவதற்கு ஒரு கருவி இருந்தது. அதில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். செய்தால் செய்ததுதான்.

முன்பு ஒரு முறை அவசரப்பட்டு, பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண்ணின் கணினியை அழித்துவிட்டாள். திரும்பி வந்தவள், “வீட்டுல ஒண்ணு கூடுச்சுன்னு இங்க ஒண்ணைக் கழிச்சிட்டீங்களா அக்கா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து இவள் படிப்படியாகத்தான் போவாள். முதலில் பட்டியல் மட்டும் எடுப்பாள். அடுத்து அந்தப் பெயர்களை முடக்குவாள். பிறகு முப்பது நாள் காத்திருப்பாள். அதற்குள் முடக்கிய பெயர் எதுவும் வந்து தட்டினால் மணி அடிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தாள். மணி அடிக்காவிட்டால்தான் அழிப்பாள்.

இந்த முறை பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள். பாதுகாப்புக்காகக் கருவி ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் தொடாது. நான்கு தடவையில் நாற்பது போயிற்று. மிச்சம் ஒன்று. அளவை-17.

அது அவள் கணவனின் மடிக்கணினி.

அவன் அதே அலுவலகத்தில் அளவையாளன். பதினொரு மாதத்துக்கு முன் ஆற்றின் ஆழத்தை அளக்கப் போனான். படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. மடிக்கணினிப் பையும் அவனோடு ஆற்றில் போனதாகப் போலீஸ் எழுதி முடித்தது. “உடம்பைக் கண்ணுல பார்க்கிற வரைக்கும் என் புள்ள இருக்கான்” என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் இவள் தினமும் வேலைக்கு வந்தாள்.

அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு பெயரைத்தான். உலகத்தின் எந்த மூலையில் யார் அந்தக் கணினியைத் திறந்தாலும் அது இந்தக் கதவைத்தான் வந்து தட்டும். பெயரை அழித்துவிட்டால், தட்டினாலும் அது யாரென்று தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் அதைப் பட்டியலிலிருந்து ஒதுக்கியே வந்தாள். போன மாதம் மேலாளர் கண்டுபிடித்துவிட்டார். முடக்க வேண்டியதாயிற்று. இன்று முப்பதாம் நாள்.

“செத்த பாம்பை எத்தனை நாளும்மா அடிப்ப?” என்று சற்று முன்புதான் கேட்டிருந்தார் ரேடியோ. கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கட்டளையை எழுதி முடித்து, கடைசி விசையின் மேல் விரலை வைத்திருந்தாள். அப்போதுதான் மணி அலறியது.

திரையில் ஒரே வரி. அளவை-17. காலை பதினொன்று பத்து. இரண்டாம் மாடி, பதினான்காம் இணைப்பு.

ரேடியோ எட்டிப் பார்த்தார். “அது அவரு உக்கார்ற எடமாச்சே.”

அவள் ஏற்கெனவே படியில் இருந்தாள்.

“ஏம்மா, ஆத்தோட போன பொட்டி எப்படிம்மா மாடி ஏறும்?”

“பேசாம வாங்கண்ணே.”

ரேடியோ பேசாமல் வந்தார். அவர் பேசாமல் நடப்பதே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டாம் மாடியில், பதினொரு மாதமாகக் காலியாகக் கிடந்த ஜன்னலோர நாற்காலியில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை. வலது தோள் சற்றே இறங்கியிருந்தது. கழுத்தைச் சாய்த்துக் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கால்கள் நின்றுவிட்டன.

“என்னங்க...”

அவன் திரும்பினான். வேறு முகம். நேற்று வேலைக்குச் சேர்ந்த அளவையாளர்.

“வாங்க மேடம், நானே கூப்பிடலாம்னு இருந்தேன். பேரைச் சொன்னா உள்ளயே விடமாட்டேங்குது.”

அவள் மடிக்கணினியை மூடிக் கவிழ்த்தாள். அடியில் அவளே ஒட்டிய சீட்டு. அளவை-17. எழுத்து கலையவில்லை. விரலால் இடுக்குகளைத் தடவிப் பார்த்தாள். மண் இல்லை, கறை இல்லை. தண்ணீர் இதைத் தொடவே இல்லை.

“இது உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

“கீழ ஸ்டோர்ல குடுத்தாங்க மேடம்.”

அதை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கணினி சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி.

ஸ்டோர்கீப்பர் கம்பி வலைக்குப் பின்னால் பூட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“அண்ணே, இது எப்ப வந்துச்சு?”

“போன வாரம்மா, பார்சல்ல. சும்மாதானே கெடக்குன்னு புது ஆளுக்கு எடுத்துக் குடுத்தேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், தப்புதான்.”

“யாரு அனுப்பினது?”

அவர் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ அவரைப் பார்த்தார். கம்பி வலைக்கு அருகில் வந்து ஸ்டோர்கீப்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என்னம்மா என்னையே கேக்குற, அனுப்புனவங்க எடத்துல அவரு பேரைப் போட்டு ‘மனைவி’ன்னு எழுதியிருந்துச்சே, கையில கொண்டாந்து குடுக்க உனக்கு மனசு வரல போலன்னுதான் நானும் ஒண்ணும் கேக்காம விட்டேன்.”