பத்து இருபத்தொண்ணு பஸ்

நினைவு தடுமாறும் அப்பா, கதவு திறந்திருந்த நேரத்தில் எங்கோ போய்விட்டார். அண்ணன் தெருத்தெருவாகத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

ஆட்டிசம் உள்ள தங்கைக்கு எல்லா பஸ் நேரமும் மனப்பாடம். "எப்போ போனாரு?" என்று கேட்டாள்.

"பத்தேகால் இருக்கும்" என்றாள் அண்ணி.

"அப்போ பத்து இருபத்தொண்ணு பஸ். அப்பா பஸ்ஸைப் பார்த்தா ஏறிடுவாரு, உட்கார்ந்ததும் தூங்கிடுவாரு. பதினொண்ணு அஞ்சுக்குக் கடைசி நிறுத்தம். அங்க இருபது நிமிஷம் நிக்கும்."

வேறு நாளாக இருந்தால், "ஆரம்பிச்சிட்டியா?" என்று அண்ணன் எரிந்து விழுந்திருப்பான். இன்று அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தான்.

கடைசி நிறுத்தத்தில் நின்றிருந்த பஸ்ஸில், ஜன்னலோரமாக அப்பா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திரு அண்ணா, நாலு நிமிஷத்துல கிளம்பிடும்" என்றாள் தங்கை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடியே அவன் எழுந்தான்.