ஒரு சாண் பெல்ட்

எங்கள் வீட்டில் ஒரு பொருள் பிடித்துவிட்டால் முதலில் அதைத் திட்ட வேண்டும். பிடித்த சட்டையை விரலால் தேய்த்து, "சாயம் போகும் போலிருக்கே" என்போம். பிடித்த நாற்காலியைக் காலால் ஒரு தட்டு தட்டி, "இது எத்தனை நாளைக்கு" என்போம். அப்படியும் கடைக்காரர் இறங்கி வரவில்லையென்றால் எங்களில் ஒருவர் வாசலைப் பார்த்து நடப்பார். நடக்கிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. படியில் கால் வைப்பதற்குள் பின்னாலிருந்து, "வாங்க, வாங்க, இதுக்குப் போய்க் கோவிச்சுக்கறீங்களே" என்று குரல் வந்துவிடும். பைகளுக்கான ஜிப்பும் பக்கிளும் நாடாவும் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். பேச்சு வருவதற்கு முன்னால் எங்களுக்குப் பேரம் வந்துவிடும்.

அண்ணி மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமான புதிதில் ஒரு கடையில் கைப்பையைப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்குங்க" என்று கடைக்காரர் காதுபடச் சொல்லிவிட்டாள். அந்தப் பையின் விலை அன்றைக்கு இம்மியும் நகரவில்லை. அண்ணன் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு அண்ணி கற்றுக்கொண்டாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள். இப்போதெல்லாம் அவளுக்கு என்ன வேண்டும் என்பது கடைக்காரருக்கும் தெரியாது, கட்டியவனுக்கும் தெரியாது.

இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது. நான் வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தேன். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அண்ணி சொன்னாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. பிரசவ விடுப்பை இரண்டு முறை நீட்டிக்கொடுத்துவிட்டார்கள். இனிமேல் நீட்டல் இல்லை; திங்கட்கிழமை வந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. காலை ஷிப்டுக்கு அவள் கிளம்பும்போது எந்தக் குழந்தைகள் காப்பகமும் திறந்திருக்காது. நல்ல காப்பகம் ஒன்று எங்கள் கடைக்குப் பின் சந்திலேயே இருக்கிறது. அது திறக்கிற நேரத்துக்குத்தான் அண்ணனும் எப்படியும் கடை திறக்கப் போகிறான். போகிற போக்கில் பாப்பாவைக் கொண்டுபோய் விட்டால் தீர்ந்தது. நடுவில் இரண்டு பஸ் ஏற வேண்டும். தள்ளுவண்டியை அந்தக் கூட்டத்தில் மடக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. நெஞ்சோடு கட்டிக்கொள்கிற பேபி கேரியர் ஒன்று வேண்டும். அது அண்ணன் உடம்புக்குப் பொருந்த வேண்டும்.

"அண்ணன் சரின்னுட்டானா?" என்றேன்.

"பாத்துக்கலாம்னு சொன்னார்."

நான் வெங்காயத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் 'மாட்டேன்' என்று சொல்லி யாரும் கெட்ட பெயர் வாங்கியதில்லை. 'பாத்துக்கலாம்' போதும்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று பேரும் பாப்பாவோடு கடைக்குப் போனோம். குழந்தைச் சாமான் மட்டும் விற்கிற பெரிய கடை. கேரியர் பிரிவில் நின்றவர் முறுக்கு மீசை வைத்திருந்தார். நெஞ்சில் ஒரு கேரியர், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. நாள் முழுக்க அதைச் சுமந்துகொண்டே விற்பது அவர் வேலை. பேசும்போது தன்னையறியாமல் பொம்மையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"குழந்தை அப்பா ஜாடைதான்" என்றான் அண்ணன்.

மீசைக்காரர் சிரித்தார். இதைத் தினமும் கேட்கிறவருடைய சிரிப்பு. "பயணத்துக்கா சார், தினசரிக்கா?"

"பயணத்துக்கு" என்றான் அண்ணன். "தினமும்" என்றாள் அண்ணி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"ரெண்டுக்கும் ஒண்ணு இருக்கு" என்றார் மீசைக்காரர். கல்யாணமானவர்களுக்கு நிறைய விற்றிருக்கிறார் போல.

முதலில் ஒன்றை எடுத்தார். கம்பிச் சட்டம், தோளில் தலையணை, மலை ஏறப் போகிறவர்களுக்கானது. அதன் கனத்துக்கு இன்னொரு குழந்தையே பெற்றுக்கொள்ளலாம். அடுத்தது சுற்றிச் சுற்றிக் கட்டுகிற நீளத் துணி. மீசைக்காரர் கட்டிக் காட்டுவதற்குள் பாப்பா ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டாள். மூன்றாவது வலைத்துணி. மடித்தால் தன்னுடைய பைக்குள்ளேயே அடங்கிவிடும். கையில் வாங்கிப் பார்த்தேன், ஒரு சட்டைக் கனம்தான்.

அண்ணி அதைத் தொடவில்லை. "வலை கிழியாதா?" என்றாள். பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

போட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. உடனே கழற்றி அண்ணனிடம் நீட்டினாள். "நீங்க போட்டுப் பாருங்க."

"எனக்கெதுக்கு? எனக்கு ஏற்கெனவே முன்னாடி ஒண்ணு இருக்கு" என்று வயிற்றைத் தட்டிக்காட்டினான்.

"அதோட சேத்துப் பாருங்க."

மீசைக்காரர் முன்னால் மறுக்க முடியாமல் மாட்டிக்கொண்டான். தோள்பட்டை சரியாக இருந்தது. இடுப்புப் பெல்ட்தான் எட்டவில்லை, ஒரு சாண் குறைந்தது. மீசைக்காரர் இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டு பெல்ட்டை எடுத்து நடுவில் கோத்தார். டக்கென்று பூட்டிக்கொண்டது. அண்ணி பாப்பாவை உள்ளே இறக்கினாள்.

கண்ணாடியில் என் அண்ணன் வேறு ஆளாகத் தெரிந்தான். பாப்பா அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். எட்டாமல், கன்னத்தை அவன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். அண்ணன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தொங்கவிட்டிருந்தான். பிறகு மீசைக்காரரைப் போலவே பாப்பாவின் முதுகைத் தட்டினான்.

அப்போது அண்ணியின் முகம் திறந்துகிடந்தது. கடைக்குள் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. யார் பார்த்திருந்தாலும் விலையைக் கூட்டியிருப்பார்கள்.

"விலை என்ன?" என்றான் அண்ணன்.

மீசைக்காரர் சொன்னார். அண்ணன் உடனே பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேரியரைக் கழற்றினான். சரக்கு உடம்பில் இருக்கும்போது பேரம் பேசக் கூடாது. அது எங்கள் பால பாடம்.

"தம்பி, இந்தத் தையலைப் பாருங்க, ஒத்தைத் தையல். இந்த நாடா எங்க கடையில சுருள் சுருளாக் கெடக்கு. இந்தப் பக்கிளை நாங்க டஜன் கணக்குல மூட்டை கட்டி அனுப்பறோம். எங்ககிட்டயே இந்த விலையா?"

"ஒரே விலைக் கடை சார்."

"ஒரே விலைன்னா, அந்த ஒரு விலையைக் கொறைச்சுச் சொல்லுங்க."

"வேணும்னா குழந்தைக்கு எச்சில் துடைக்கிற துண்டு ஒண்ணு இலவசமாத் தர்றேன்."

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். நான் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். நடந்தேன், நடந்தேன், கதவு தானாகத் திறந்து என்னை நடைபாதையில் விட்டுவிட்டுத் தானாக மூடிக்கொண்டது. ஒரு குரலும் வரவில்லை. இந்தக் கடைகளில் அப்படித்தான், போகிறவர்களுக்குக் கதவே வழிவிடுகிறது. கொஞ்ச நேரம் பஸ்களை வேடிக்கை பார்த்துவிட்டு அசட்டு முகத்தோடு திரும்பி வந்தேன்.

அதற்குள் பேரம் முடிகிற கட்டத்தில் இருந்தது.

"கடைசியா ஒண்ணு செய்யலாம் சார்" என்றார் மீசைக்காரர். "அந்த எக்ஸ்ட்ரா பெல்ட்டை எடுத்துட்டா நீங்க கேட்ட விலைக்கே போட்டுடறேன். மேடம் அளவுக்கு அது தேவைப்படாது."

அண்ணன் முகம் மலர்ந்தது. "எடுத்துடுங்க. நாடாவுக்கா எங்களுக்குப் பஞ்சம்?"

"அது வேணும்ங்க" என்றாள் அண்ணி.

திட்டவில்லை, சுற்றி வளைக்கவில்லை. கைப்பைக்குப் பிறகு அவள் ஒரு கடையில் இப்படி மனசைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. மீசைக்காரரின் கை பெல்ட் மேல் அப்படியே நின்றது. நல்ல விற்பனைக்காரர், 'வேணும்' என்ற சொல்லுக்கு விலை உண்டு என்று அவருக்கும் தெரியும்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, சீட்டாட்டத்தில் கையைக் காட்டிவிட்ட கூட்டாளியைப் பார்க்கிற பார்வை. "இதே நாடாவை நாளைக்கே வெட்டித் தெச்சுத் தர்றேன். இதுக்குப் போய்க் காசு கொடுப்பாங்களா? பாத்துக்கலாம் வா."

மீசைக்காரர் பூட்டை அழுத்தினார். துண்டு பெல்ட் இழுப்பறைக்குள் போனது.

வரும் வழியெல்லாம் அண்ணன் உற்சாகமாக இருந்தான். ஒரே விலைக் கடையில் விலை குறைத்தவன் இந்த நகரத்திலேயே தான் ஒருவன்தான் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னான். அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சொன்னபடி நாடாவோடுதான் வந்தான். அதையும் சொல்ல வேண்டும். அகலம் சரி, நிறமும் சரி, ஓரமெல்லாம் தீயில் காட்டிப் பிசிர் இல்லாமல் வெட்டியிருந்தான். இரண்டு முனையிலும் எங்கள் கடைப் பக்கிள். கேரியரில் கோத்தான். பூட்டவில்லை. திருப்பிக் கோத்தான். பூட்டவில்லை.

"தனி அச்சு போட்டிருக்கான்" என்றான். "வேற பக்கிள் அதுல ஏறக் கூடாதுன்னே பண்ணியிருக்கான். கெட்டிக்காரப் பயல்."

"அந்தக் கடையிலயே போய் அந்தப் பெல்ட்டை வாங்கிட்டு வந்துடலாம்" என்றேன் நான்.

அண்ணி நிமிரவில்லை. "மத்தியானமே போன் பண்ணிக் கேட்டேன். தனியா விக்கறதில்லையாம். நம்ம பெல்ட்டை வேற யாருக்கோ போட்டுக் குடுத்துட்டாங்களாம். அடுத்த சரக்கு வர நாளாகுமாம்."

"முடிச்சுப் போட்டுக் கட்டிக்கலாமே" என்றேன்.

"முடிச்சு அவுந்தா?" என்றான் அண்ணன். "பஸ்ல போறப்ப அவுந்தா? குழந்தை விஷயத்துல வெளையாட முடியுமா?"

எந்தக் கடையிலும் எந்தப் பேரத்திலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

"கையில தூக்கிட்டுப் போங்க" என்றாள் அண்ணி. குரல் தாழ்ந்திருந்தது.

"ஒரு கையில பஸ் கம்பி, ஒரு கையில கடைச்சாவி, பணப்பை. பாப்பாவை வாயிலயா கவ்விட்டுப் போறது?" அவனே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நல்ல விதமாகவே சொன்னான்: "அடுத்த வாரம் லோடு வருது. அதுல இந்தப் பக்கிள் இருக்கான்னு பாக்கறேன். கொஞ்சம் பொறு."

அவன் பொய் சொல்லவில்லை. லோடு வரும். பார்க்கவும் செய்வான். கடைவீதியில் மற்ற வியாபாரிகள் டீக் குடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில், நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போக வேண்டியதில்லை என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி. அது அவனுக்கே தெரியுமோ என்னவோ. நாடாவைச் சுருட்டி அவன் அலமாரி மேல் வைத்ததைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை அண்ணி பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தாள். பாப்பா மடியில் திமிறிக்கொண்டிருந்ததால் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அந்தப் பக்கம் பொறுப்பாளர் அம்மா.

"மேடம், இன்னும் பத்து நாள் மட்டும் தள்ள முடியுமா?"

"ரெண்டு தடவை தள்ளியாச்சேம்மா."

"ஒரு வாரம்?"

"எனக்கு மேல கேக்கறாங்கம்மா."

அண்ணி பாப்பாவை மடியில் இழுத்து உட்காரவைத்தாள். அவள் முகம் மெல்ல மூடுவதைப் பார்த்தேன். எங்கள் வீட்டு முகம். நாங்கள் கொடுத்தது.

"அப்ப பரவால்ல மேடம்" என்றாள். "எனக்கும் அந்த வேலை பெருசா ஒண்ணும் இல்ல. ஷிப்டும் ஒத்து வரல, தூரமும் ஒத்து வரல. வேணாம்னா விட்டுடறேன்."

வாசலைப் பார்த்து நடக்கிறாள் என்று புரிந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். குரல்கூட நடுங்கவில்லை, எங்களில் யாரும் இவ்வளவு நன்றாக நடந்ததில்லை. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வா வா, இதுக்குப் போய்க் கோவிச்சுக்கறியே' என்று அதிலிருந்து ஒரு குரல் வர வேண்டும்.

"அப்படியாம்மா" என்றது குரல். ஆறுதலாகவே சொன்னது. "நானே உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிட்டிருந்தேன். நல்லவேளை நீயே சொல்லிட்ட. மெயில்ல ஒரு வரி எழுதிப் போட்டுடு. உன் லாக்கர் சாவியை யார்கிட்டயாவது கொடுத்தனுப்பு."

அண்ணன் தலையை வாரிக்கொண்டே வந்தான். "என்ன சொன்னாங்க?"

"விட்டுட்டேன்."

சீப்பு ஒரு கணம் நின்றது. "சரி விடு" என்றான். "வேற வேலையா கெடைக்காது? பாத்துக்கலாம்."

அன்று மத்தியானம் எனக்கு ஊருக்குப் பஸ். வழியனுப்ப அண்ணி பாப்பாவைக் கேரியரில் போட்டுக்கொண்டு வந்தாள். கிளம்பும்போது, கடையிலிருந்து சாப்பிட வந்திருந்த அண்ணன்தான் பின்னால் நின்று பூட்டிவிட்டான். "பாத்தியா, உனக்குன்னே அளவெடுத்தாப்ல இருக்கு" என்றான். உண்மைதான். எங்கும் ஒரு சுருக்கம் இல்லை.

பஸ் நிறுத்தத்தில், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்: "நல்லாருக்கே. கனமாருக்குமா?"

"கனமே இல்ல. இருக்கறதே தெரியாது."

"என்ன வெலைங்க?"

அண்ணி சொன்னாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் அந்தப் பெண். "ரொம்ப மலிவாத்தான் முடிச்சிருக்கீங்க."

"எங்க வீட்ல எல்லாத்தையும் மலிவாத்தான் முடிப்போம்" என்றாள் அண்ணி.

என் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாப்பா தூங்கிவிட்டிருந்தாள். அண்ணி அந்தப் பெண்ணுக்குப் பக்கிளை அழுத்தித் திறந்து, மறுபடி பூட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.