கண்ணாடியில் ஒரு கீறல்

கண்ணகை வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கேதீஸ்வரி பிரிண்டரின் மூடியைத் திறந்து வைத்தாள், பழுது பார்த்துக்கொண்டிருப்பவள் போல. "பிரிண்டர் பழுது" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பியாயிற்று. இது மூன்றாவது. பொய்க்குப் பொருத்தமாக மேசையை ஒழுங்குபண்ணும் தன் கைகளின் கெட்டித்தனத்தைப் பார்க்க அவளுக்கே கூசியது.

"இன்னும் சரிவரல்லையா மகள்?" என்றாள் கண்ணகை. "வெள்ளிக்கிழமைக்குள்ள விண்ணப்பப் பாரத்தில படத்தையும் ஒட்டிக் குடுக்கோணுமாம். அதான் வந்தன்."

"இரிங்க அம்மா."

யுத்தம் முடிந்து மூன்று மாதம். காணாமல்போனவர்களின் படங்களை ஸ்கேன் செய்து சேர்த்துவைப்பது அந்தச் சின்ன அலுவலகத்தின் வேலை. கண்ணகை கொண்டுவந்தது மகன் உதயரூபனின் படம். நாவலடியில் சுனாமிக் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன நாலாம் நாள் மணலுக்குள் கிடைத்த ஒரே படம். அதற்கு இரண்டு வருசம் கழித்து உதயரூபனையே இயக்கத்துக்காரர் வன்னிப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். படத்தின் முகத்தில் மணல் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தபோது ஒரு மணல் துகள் கண்ணாடியைக் கீறிவிட்டது. அன்றிலிருந்து எவருடைய படத்தை எடுத்தாலும் ஓரத்தில் மயிர் போல ஒரு கோடு விழுகிறது.

வவுனியா முகாம்களில் தேடிப்பார்க்கப் போன ஒருவர் படத்தைக் கேட்டபோது கண்ணகை தயங்கினாள். "பயப்பிடாமக் குடுங்கம்மா, ஸ்கேன் பண்ணி வைச்சாச்சு, இனி இது அழியாது" என்று தைரியம் சொன்னவள் கேதீஸ்வரிதான். கண்ணகை குடுத்தாள். படம் கைமாறிக் கைமாறி எங்கோ நின்றுவிட்டது.

அலுவலகக் கம்பியூட்டர் லினக்ஸில் ஓடியது. அமைத்துக்கொடுத்தவன் காத்தான்குடி றிஸ்லான். அதில் வெளி டிரைவைச் செருகினால் மட்டும் போதாது. எந்தப் போல்டருக்குள் அது திறக்க வேண்டும் என்று நாம் இடம் காட்ட வேண்டும். திறக்க மறந்தாலும் போல்டர் ஒன்றும் சொல்லாது. போடுவதையெல்லாம் தனக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும். "எங்கயும் தொறங்க, அந்த டெம்ப் எண்டுற இடத்துல மட்டும் வாணாம் தங்கச்சி" என்று அவன் முதல் நாளே சொல்லியிருந்தான். "அது முகத்துவாரத்து மண்மேடு. ஆத்த வெட்டி உட்டா, கட்டின தோணியும் போயிரும். மெசின் ஒவ்வொருக்கா எழும்பக்குள்ளயும் அந்த இடத்தக் கூட்டித் துடைச்சிரும்."

புது டிரைவ் வந்தபோது புதுப் போல்டர் தேவைப்பட்டது. வேறு எங்கே போடப் போனாலும் றிஸ்லானின் கடவுச்சொல்லைக் கேட்டது. அந்த மாதம் ஏற்கனவே இரண்டு தரம் அவனைக் கூப்பிட்டாயிற்று. இரண்டாம் தரம் வந்தவன், "என்ன புள்ள, கலியாணம் பேசக் கூப்பிடுற மாதிரி கிழமைக்கொருக்காக் கூப்பிடுறீங்க" என்றதும் அலுவலகமே சிரித்தது. மூன்றாவது சிரிப்பைத் தாங்க மனமில்லாமல் கேதீஸ்வரி டெம்ப்பில் போல்டர் போட்டாள். அது மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது போல்டரைக் காணோம். அதே பெயரில் இன்னொன்று போட்டாள். வெளியே சனம் வரிசையில் நின்ற அவசரத்தில், டிரைவை அதற்குள் திறக்க மறந்தாள். ஒன்பது நாள் அதற்குள் படங்களைச் சேமித்தாள். பத்தாம் நாள் மறுபடி கரண்ட் போனது. வந்தபோது முப்பத்தேழு முகங்கள் இல்லை. டிரைவைத் திறந்து பார்த்தாள். அதில் பழையவை மட்டும் இருந்தன.

முப்பத்தாறு பேருக்குக் கடிதம் போட்டாள். "தங்கள் படம் தெளிவில்லை, மீண்டும் கொண்டுவரவும்." கிரானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு தகப்பன், படத்தைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துக் குடுத்தார். "இப்ப தெளிவா இரிக்கா மகள்?" என்று கேட்டார். ஓம் என்றாள். அந்த ஓமை நினைத்தால் இன்னும் சோறு இறங்குவதில்லை.

கண்ணகைக்கு மட்டும் கடிதம் போடவில்லை. எதைக் கொண்டுவரச் சொல்வது?

"பிரிண்ட் எடுக்காட்டிப் பரவாயில்ல மகள்." கண்ணகை கதிரையை இழுத்து அவளருகே போட்டாள். "அந்தப் பெட்டிக்குள்ள ஒருக்காக் காட்டுங்க. பார்த்திட்டுப் போறன்."

கேதீஸ்வரி மௌஸில் கை வைத்தாள். எங்கேயும் கொண்டுபோக முடியாமல் அம்புக்குறி திரையின் நடுவில் நின்றது. பிரிண்டரின் மூடி இன்னும் திறந்திருந்தது.

"படம் இல்லம்மா."

கண்ணகைக்கு விளங்க நேரமெடுத்தது. "கரண்ட் போனதாலயா?" என்றாள். "அண்டைக்கு வந்தப்ப வெளியில கதைச்சவங்க, கரண்டால கம்பியூட்டர் பழுதாம் எண்டு."

ஓம் என்றால் போதும். அந்த ஒரு சொல்லைக் கண்ணகையே எடுத்துக் கையில் வைத்துவிட்டாள். கேதீஸ்வரியின் வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"இல்லம்மா. வைக்கக் கூடாத இடத்தில நான் வைச்சன். வைக்க வேணாம் எண்டு சொல்லியும் வைச்சன். பிரிண்டர் பழுது எண்டதும் பொய்."

கண்ணகை மடியிலிருந்த பாரத்தை மடித்தாள், பிறகு விரித்தாள். படம் ஒட்டும் சதுரம் வெறுமையாக இருந்தது.

"மத்தவங்கட படம்?"

"அவங்க திரும்பக் கொண்டுவந்திட்டாங்க."

"அப்ப என்ட மட்டுந்தான்." கோபமே இல்லாத குரல். "நீங்கதானே மகள் குடுங்க எண்டீங்க."

கேதீஸ்வரி எழுந்துபோய் ஸ்கேனரின் மூடியைத் தூக்கினாள். எதையாவது குடுத்தாக வேண்டும் என்ற அந்த ஆவலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானோ என்று நினைத்தபோது காது சுட்டது. ஆனாலும் சொன்னாள்: "இது உங்கட படத்து மண் கீறினது."

கண்ணகை வந்து குனிந்தாள். முதலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். தூசு போனது, கோடு நின்றது. நகத்தை அதில் வைத்து, மேலிருந்து கீழாக, கோடு முடியும் இடம்வரை மெல்லக் கொண்டுபோனாள்.

பொலித்தீன் பைக்குள் ஒரு படத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் வாசலில் வந்து நின்றார். கேதீஸ்வரி மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். கண்ணகை விரலை எடுக்கவில்லை.