நாற்பத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரி

1

என் மனைவியின் தங்கை தினமும் காலையில் தோட்டத்தில் குப்புறப் படுத்துவிடுவாள். வயது ஐம்பத்தாறு. முழங்கைக்கு அடியில் ஒரு பழைய சாக்கு, கண்ணெதிரே எறும்பு வரிசையோ நத்தையோ, பக்கத்தில் தேதியிட்ட குறிப்பேடு. கண்ணால் பார்த்து அதில் குறித்த பிறகுதான் எதுவும் அவளுடைய புத்தகத்துக்குள் போகும். குழந்தைகளுக்கான பதினோரு புத்தகங்களை அப்படித்தான் எழுதினாள். வாசிக்கும் பிள்ளைகளுக்கு அவள் பூச்சியம்மா. என் மனைவிக்கு, மண்புழுக்களின் மாமியார்.

இந்தக் கதை அவளுக்கு வந்த ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது.

(இது முழு உண்மையன்று. இப்போதைக்கு இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: முன்னொரு காலத்தில், எல்லாம் தெரிந்த ஆந்தையொன்று ஒரு காட்டில் —

வேண்டாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு எதையும் விலங்குகளின் வாயில் வைத்துச் சொல்லிவிடுவது எளிது. ஆந்தை மாட்டிக்கொண்டால் நான் தப்பிவிடலாம்.

இரண்டாம் தொடக்கம்: கடிதத்தையே தந்துவிடுகிறேன். எழுதியவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி.

"பூச்சியம்மா, எங்க ஸ்கூல் மரத்துலேருந்து ஒரு குஞ்சு விழுந்துடுச்சு. உங்க புக்ல போட்டிருந்த மாதிரி நாங்க யாரும் தொடல. தொட வந்தவங்களையும் நான் விடல. சாயங்காலம் அது செத்துப்போச்சு. எவ்வளவு நேரம் காத்திருந்தா அம்மா வரும்னு புக்ல போடவே இல்லையே?"

3

அவள் சொல்வது பச்சை அட்டை போட்ட ஏழாவது புத்தகம். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரி: 'மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய்ப்பறவை மீண்டும் ஏற்காது.'

அது பிழை. பெரும்பாலான பறவைகள் ஏற்கும். இறகு முளைக்காத குஞ்சை மெல்ல எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம்.

பூச்சியம்மா குறிப்பேடுகள் அனைத்தையும் கூடத்தில் இறக்கினாள். அப்படியொன்றை எந்தத் தேதியில் பார்த்தோம் என்று பக்கம் பக்கமாகத் தேடினாள். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. "பாக்காததை எழுதியிருக்கேன்க்கா. இன்னும் எதையெல்லாம் இப்படி எழுதினேனோ," என்றாள் என் மனைவியிடம். தோட்டத்துக்குப் போவது நின்றது. பாதி எழுதிய பன்னிரண்டாம் புத்தகத்தைக் கயிற்றால் கட்டி பீரோவுக்குள் வைத்துவிட்டாள். இனி எழுதப்போவதில்லை என்று பதிப்பாளருக்குத் தொலைபேசியில் சொல்லியும்விட்டாள்.

[அடிக்குறிப்பு: அப்போது கதைசொல்லி எங்கே இருந்தார் என்று வாசகர் கேட்கலாம். அதே கூடத்தில், நாற்காலியில், விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால்.]

4

மூன்றாம் தொடக்கம். இதை மாற்றப்போவதில்லை: அந்த வரியை எழுதியவன் நான்.

அவளுடைய புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் வேலை. அந்தப் பக்கத்தை அவள் இப்படி முடித்திருந்தாள்: 'குஞ்சு விழுந்ததைப் பார்த்தேன். பிறகு பெருமழை. அதற்கு என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது.' அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. நீதி இல்லாமல் ஒரு பாடம் முடிவது எனக்குப் பொறுக்கவில்லை. சிறுவயதில் யாரோ சொல்லக் கேட்டதை, அவளைக் கேட்காமல் அங்கே சேர்த்தேன். என்னை நம்பியதால் அவள் அதை மறுபடி படித்துப் பார்க்கவில்லை.

5

பத்தாம் நாள் காலையில் சொன்னேன். (அவள் குறிப்பேட்டை என்மேல் வீசியதாக ஒரு வரைவு எழுதினேன், சிரித்துவிட்டதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தாயிற்று.) கையிலிருந்த ஏட்டை மூடி வைத்தாள்.

"ஒம்பது நாளா நான் தரையில உக்காந்து தேடினதைப் பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க, அத்தான்?"

"ஆமாம்மா."

"அந்த வரியைக்கூட மன்னிச்சிடுவேன். இந்த ஒம்பது நாளைத்தான் எங்க வைக்கிறதுன்னு தெரியல."

ஊரார் பிள்ளைகளின் பிழைகளையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவர் இவர்தான் என்று அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. எனக்குப் பரிந்து பேச அந்த வீட்டில் யாரும் இல்லை. பூச்சியம்மா ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தப் பொண்ணுக்கு நீங்களே எழுதுங்க. கதை விடாம எழுதுங்க."

எழுதினேன். 'குஞ்சு இறந்தது உன் தவறன்று. புத்தகத்தில் சொன்னபடிதான் நீ செய்தாய். சொன்னவன்தான் பார்க்காமல் சொன்னான். அவன் நான்.' இதற்கே நான்கு தாள்கள் வீணாயின.

6

சிறுமி பதில் எழுதினாளா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே எனக்கு வசதியாக அமைந்துவிட்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். திருத்தச் சீட்டு ஒன்று எழுதிப் பூச்சியம்மாவிடம் காட்டினேன்: 'குஞ்சை எடுத்துக் கூட்டில் வையுங்கள். அம்மா வரும்.' பேனாவை வாங்கி, 'அம்மா'வுக்கு முன்னால் 'பெரும்பாலும்' என்று சேர்த்துத் தந்தாள். அன்று மதியம் பீரோ திறக்கும் ஓசை கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சீட்டுகளை அச்சடித்து, பசை டப்பாவுடன் பள்ளி பள்ளியாக, நூலகம் நூலகமாகப் போய்வருகிறேன். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் முடிந்தன. வீடுகளில் இருப்பவை எனக்கு எட்டவில்லை. ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்கள் அலமாரியில் அந்தப் பச்சை அட்டைப் புத்தகம் இருந்தால், தயவுசெய்து எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போங்கள். என் வரியை அடித்துவிடுங்கள். அதன் கீழே உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்: எடுத்துக் கூட்டில் வையுங்கள். பெரும்பாலும் அம்மா வரும்.