படுத்து ஒரு ரத்தம், நின்று ஒரு ரத்தம்

பட்டினப்பாக்கம் மீன் சந்தையில் வசந்தி உட்கார்ந்தால் ராணி. எழுந்து நின்றால்தான் வினை. கண் இருட்டும், முழங்கால் துவளும். ஒருநாள் சங்கரா மீன் தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அன்றிலிருந்து சந்தையில் எல்லோரும் வைத்தியராகிவிட்டார்கள். ஒருத்தி திருஷ்டி என்றாள், ஒருத்தி பயம் என்றாள். பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் கிஷோர் டென்ஷன் என்றான்.

"போதும்மா. வர்ற மாசத்துல இருந்து உன் எடத்துல வைரவன் மாமா குந்தட்டும். அவராண்ட சொல்லிட்டேன். நீ வூட்ல இரு."

அந்த இடத்தை அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து உட்கார்ந்தே தனதாக்கிக்கொண்டாள். அதை ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுக்க இவன் யார்?

அடையாறு ஆஸ்பத்திரி டாக்டர் மேகலா மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை.

"எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே நரம்பு ஒரு ஹார்மோனை விட்டு ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும். அதனாலதான் பிரஷர் விழறதில்ல. உங்களுக்கு அது சுரக்குதான்னு பார்க்கணும். படுக்க வச்சு ஒரு ரத்தம், நிக்க வச்சு ஒரு ரத்தம். காபி, டீ, சாப்பாடு எதுவும் கூடாது."

எடுத்தார்கள். ரிசல்ட்டில் ஹார்மோன் ஒழுங்காக ஏறியிருந்தது.

"பாத்தியா, உனுக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் மனசு" என்றான் கிஷோர். வசந்திக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஒன்றுமில்லாமலா ஒருத்தி நடுச்சந்தையில் விழுவாள்?

மேகலா ரிப்போர்ட்டை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு செக்கச்செவேலென்று இருந்தது.

"டெஸ்ட் அன்னைக்கும் வெத்தலை பாக்கு போட்டிருந்தீங்களா?"

"துன்னக் கூடாதுன்னுதானே சொன்னீங்க டாக்டரம்மா? நான் ஒண்ணுமே துன்னல. ஒரு துண்டு பாக்கைக் கன்னத்துல அடக்கிக்கினு படுத்திருந்தேன், அவ்ளோதான்."

மீன்காரிக்குப் பாக்கு சாப்பாட்டுக் கணக்கில் வராது, மூச்சுக் கணக்கில்தான் வரும். மேகலா சிரித்துவிட்டார்.

"பாக்கும் அந்த ஹார்மோனை ஏத்திவிடும். நான் கேட்டிருக்கணும். மறுபடி எடுத்துடலாம்."

இந்த முறை முதல் நாளே பாக்குப் பையை மகன் கையில் கொடுத்துவிட்டாள். பட்டினியெல்லாம் அதற்கு முன்னால் தூசு.

அரை மணி நேரம் படுக்க வைத்து, கையில் செருகியிருந்த ஊசி வழியாக முதல் ரத்தத்தை எடுத்தார்கள். பிறகு எழுப்பி நிறுத்தினார்கள்.

"முடியலன்னா சொல்லுங்க, உடனே படுக்க வச்சிடுவோம். அஞ்சு நிமிஷம் நின்னாதான் கணக்கு சரியா வரும்" என்றார் மேகலா.

பிரஷர் மளமளவென்று இறங்கியது. சுவர் கறுத்தது, டாக்டர் முகம் கறுத்தது. "போதும்மா, குந்திடு" என்ற கிஷோரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. இப்போது உட்கார்ந்தால் அடுத்த மாதம் அங்கே வைரவன் உட்காருவான். வசந்தி உட்காரவில்லை. இரண்டாவது ரத்தம் குழாயில் ஏறிய பிறகுதான் மகன் மேல் சாய்ந்தாள்.

அடுத்த வாரம் மேகலா புது ரிப்போர்ட்டைக் கிஷோர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நின்னப்போ ஹார்மோன் ஏறவே இல்ல. இது பயமும் இல்ல, மனசும் இல்ல, நரம்புக் கோளாறு. மாத்திரை தர்றேன். தண்ணி நிறைய குடிக்கணும், இவங்களுக்கு உப்பு கொஞ்சம் கூடவே போடலாம். மெதுவா எழுந்திருக்கணும். உசரமா ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டு தாராளமா வியாபாரம் பண்ணலாம்." பிறகு வசந்தியைப் பார்த்தார். "ஒண்ணுதான் எனக்குப் புரியல. ஒருத்தரை நிக்க வைக்கிறதே அந்த ஹார்மோன்தான். அது வராமலே எப்படி அவ்வளவு நேரம் நின்னீங்க?"

வசந்தி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அது வர்லன்னா இன்னா டாக்டரம்மா? நான் வந்தேன்ல."

கிஷோர் வெளியே வந்து, தாய்க்கும் கேட்கும்படி போன் போட்டான்.

"வைரவன் மாமா, அந்த எடம் காலி இல்ல. எங்கம்மா வருது."