மூழ்கத் தெரியாதவள்

படத்தில் கதாநாயகனின் தங்கையாக நடிப்பவருக்குக் கடலென்றால் பயம். ஆகவே அவருக்குப் பதிலாக, முதுகை மட்டும் காட்டி நடந்துபோய் அலைக்குள் மறைவதற்கு, மாமல்லபுரத்தை அடுத்த குப்பத்தில் மீன் விற்கும் யோகேஸ்வரியை அழைத்து வந்திருந்தார்கள்.

விடிந்தும் விடியாத வேளை. வானமும் கடலும் ஒரே பால் நிறத்தில் கலந்து கிடந்தன. உடை அலங்காரக்காரர் வெள்ளைச் சேலையை அங்கங்கே அளந்து கிழித்துக்கொண்டிருந்தார்.

"கிழிக்கிறதுல கூட இன்னா ஒரு நெளிவு சுளிவு பாரேன்," என்றாள் துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு லோகநாயகி.

"படத்துல இந்தப் பொண்ணு ஏங்க்கா சாவுது?" என்று கேட்டாள் யோகேஸ்வரி.

"எவனோ கெடுத்துட்டானாம். அண்ணங்காரன் வந்து அவன வெட்டுவானாம்."

"அவன் வெட்றதுக்கு இவ ஏன் சாவணும்?"

"இவ செத்தாத்தான்டி அவனுக்குக் கோவம் வரும். கோவம் வந்தாத்தான் பாட்டு வரும்."

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு வயதில், சவுக்குத் தோப்பில், ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்திருந்தான். லோகநாயகி உட்பட எவரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. அன்று இடி இடிக்கவில்லை; யார் வீட்டிலோ மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் உடம்பு வலியோடு திருக்கழுக்குன்றத்துக்கு மீன் கூடை தூக்கினாள். பசித்தது; இட்லி வாங்கித் தின்றாள். அப்படிப் பசித்ததற்காகவே பல வருடங்கள் வெட்கப்பட்டாள். சினிமாவில் எந்தப் பெண்ணுக்கும் அதன்பிறகு பசிப்பதில்லை.

இயக்குநர் கலைவாணன் மரியாதை தெரிந்தவர். "மெதுவா நடங்கம்மா. அலை வந்ததும் அப்படியே உங்கள விட்டுடுங்க. உடனே மேல வந்துடாதீங்க."

நடந்தாள். அலை சுருண்டு எழுந்தது. தம்பிகளோடு கடலாடி வளர்ந்த உடம்பு அவளைக் கேட்காமலேயே அலைக்கடியில் நுழைந்து, மறுபக்கம் தலை தூக்கியது.

"கட்!"

இரண்டாம் முறையும் அதுவே நடந்தது.

"அய்ய, மூழ்கக்கூடத் தெரியாம வளந்துகீறியேடி!" என்று கரையிலிருந்து கத்தினாள் லோகநாயகி.

மூன்றாம் முறை அவள் உள்ளேயே இருந்தாள். தண்ணீருக்கடியில் பச்சை வெளிச்சம். கிழிந்த சேலை புகைபோல் விரிந்தது. பக்கத்தில் யாரோ நிற்பது போலிருந்தது. சவுக்குத் தோப்பில் அன்று அவள் உடுத்தியிருந்த அதே காபிப்பொடி நிறச் சுடிதார். சாகச் சொல்லிவிட்டார்களே என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது அந்தப் பெண். யோகேஸ்வரி அதன் கையைப் பிடித்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது.

'வா, பசிக்குது.'

மேலே வந்தவள் கரையை நோக்கித் திரும்பினாள். கேமராவைப் பார்த்தே நடந்தாள்.

"ஐயோ, முகம் தெரியுதும்மா!" என்று பதறினார் கலைவாணன்.

"மன்னிச்சுக்குங்க சார். இந்தப் பொண்ண என்னால சாவடிக்க முடியாது. பொம்ம கிம்ம வச்சி எடுத்துக்குங்க."

"கரைக்கு வந்து அவ என்னம்மா பண்ணுவா?"

"மொதல்ல நாஸ்தா துண்ணுவா சார்."

ஈரச் சேலை சொட்டச் சொட்ட, படக்குழுவுக்கு வந்திருந்த இட்லியில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு லோகநாயகியின் அருகில் போய் அமர்ந்தாள்.

"இன்னாடி ஆச்சு ஒனக்கு?"

யோகேஸ்வரி ஒரு விள்ளலை மென்று விழுங்கினாள்.

"சொல்றேன். நீயும் துண்ணுகினே கேளுக்கா."